குழிக்கு ஏழு வண்டு

மைசூர் வெளிவட்டச் சாலையை ஒட்டி, இருந்த புளிய மரங்களை வெட்டிச் சமன்படுத்திய நல்லதொரு மனையில், வெப்பமண்டல வனநலச் சுட்டுயிர் ஆய்வு மையம் இருக்கிறது. காட்டில் மரம் வெட்டினால் காடு கெடுமா என்று கண்டுபிடிப்பது அந்த மையத்தின் வேலை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்பவர்கள் படிக்காதவர்கள். காட்டைப் பார்த்துக் காட்டைத் தெரிந்துகொள்வது ஆடு மேய்க்கிறவன் செய்கிற காரியம். படித்தவர்கள் காட்டில் வாழும் பிராணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் எண்ணுவார்கள். அதற்குச் சுட்டுயிர் என்று பெயர். அது சௌக்கியமென்றால் காடும் சௌக்கியம். அது குறைந்தால் காட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பொருள்.

மையத்தின் டைரக்டர் டாக்டர் விஜய்குமார் நிறைய யோசித்துத்தான் தம் சுட்டுயிரைத் தேர்ந்தெடுத்தார். புலியென்றால் புலி இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். பறவையென்றால் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். தவளைக்கு மழையில் நனைய வேண்டும். சாணம் உருட்டுகிற வண்டுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. தரையில் குழி தோண்டி, டப்பாவைப் புதைத்து, மேலே அதற்குப் பிடித்ததைத் தொங்கவிட்டால் தானே பறந்து வந்து உள்ளே விழும். அதற்கு ரொம்பப் பிடித்தது மனிதனுடைய மலம். இதைக் கதைக்காகச் சொல்லவில்லை, உலகத்தில் பல காடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஊத்துப்பட்டி காளிதாஸ் அறிவியலுக்குள் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான்.

ஊத்துப்பட்டி ஹனூர் வட்டத்தில், கோபிநத்தம் போகிற வழியிலிருந்து உள்ளே தள்ளிக் காட்டோரத்தில் இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடு, எல்லாம் தமிழ் பேசுகிற வெள்ளாமைக்காரர்கள். ஊருக்கு மேலே இரண்டு சரிவு. ஒன்று கரடிச் சரிவு, இன்னொன்று ஊத்துச் சரிவு. ஊத்துச் சரிவில் மருத மரங்களின் வேரடியில் கசிகிற தண்ணீரைத்தான் ஊர் குடிக்கிறது, மாடு குடிக்கிறது, ராகி குடிக்கிறது. ஆழ்துளைக் கிணறு ஐந்து இடத்தில் போட்டுப் பார்த்தார்கள். புழுதிதான் வந்தது.

இரண்டு சரிவையும் வெட்டுவதற்கு ஒரு மரக் கம்பெனி குத்தகை எடுத்திருந்தது. ஆனால் மையத்தின் சான்றிதழ் இல்லாமல் இரண்டாவது சரிவில் கை வைக்க முடியாது என்று நிபந்தனை. மையத்தின் களமேற்பார்வையாளர் கரியப்பன், கொள்ளேகால் பக்கத்துக் கன்னடக்காரர், ஜீப்பில் வந்து மாரியம்மன் கோயில் முன்னால் நின்று ஊருக்கு இதை விளக்கினார். கரடிச் சரிவில் முதலில் வண்டை எண்ணுவார்கள். பிறகு மரம் வெட்டுவார்கள். பிறகு அதே இடத்தில் மறுபடி எண்ணுவார்கள். வண்டு பாதிக்குமேல் குறைந்திருந்தால் ஊத்துச் சரிவில் கோடாலி படாது. குறையவில்லையென்றால் அதுவும் போகும். இதற்கு உள்ளூர் ஆள் ஒருவர் தேவை. என்ன வேலை என்று கேட்டார்கள். அவர் சொன்னார். கூட்டம் கலைந்துவிட்டது.

காளிதாஸ் மட்டும் வீட்டுக்குப் போய் மனைவி கனகாவிடம் சொன்னார். நாற்பத்தைந்து வயது மனிதர், வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊருக்குள்ள என்ன பேசுவாங்கன்னு தெரியுமில்ல புள்ள?"

"பேசறவன் வந்து நமக்குத் தண்ணி ஊத்துவானா?" என்றாள் கனகா. "மரத்த வெட்டுனா வண்டு நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இருக்கறத இருக்கற மாதிரி எண்ணிச் சொல்லுங்க, அது போதும். வேற எவனாச்சும் போனா மாத்திச் சொல்லிப்போடுவான். நாலு நாளைக்குச் சிரிப்பாங்க. அப்பறம் அவங்களும் அதே தண்ணியத்தான குடிக்கோணும்."

மறுநாள் காளிதாஸ் சம்மதம் சொன்னார். கவர்பொருள் வழங்குநர், தினக்கூலி, தற்காலிகம் என்று உத்தரவு வந்தது. மலம் என்ற சொல்லை மையம் பயன்படுத்துவதில்லை.

கவர்பொருளுக்கு ஒன்பது பக்க விதிமுறை இருந்தது. குழிக்கு ஐம்பது கிராம், பத்துக் குழி, ஆக அரைக் கிலோ. ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். ஆள் மாறினால் வாசனை மாறும், வாசனை மாறினால் வண்டு குழம்பும். அந்த ஒரே ஆள் ஒரே சாப்பாடுதான் சாப்பிட வேண்டும். உணவுத் தரநிர்ணயக் குழு ஒன்று மைசூரில் நல்ல ஓட்டலில் மூன்று தடவை கூடி, காளிதாஸுக்கு ராகிக் களியும் கீரைக் குழம்பும் என்று முடிவு செய்தது. மற்றபடி எதுவும் கூடாது. கறி கூடாது, இனிப்பு கூடாது, வேலை முடிகிறவரை விருந்துக்குப் போகக் கூடாது. அரைக் கிலோ சேராத நாளில் காரணம் காட்டி விளக்கம் எழுதித் தர வேண்டும். முதல் வாரத்திலேயே காளிதாஸ் நான்கு விளக்கம் கொடுத்தார். நான்கிலும் 'வரவில்லை' என்பதுதான் காரணம். காரணம் போதுமான விவரமில்லை என்று நான்கும் திரும்பி வந்தன.

டைரக்டர் ஒரே ஒரு முறை ஊத்துப்பட்டிக்கு வந்தார். ஜீப்பைவிட்டு இறங்காமல், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்களுக்குக் கன்னடத்தில் உரையாற்றினார். தமிழில் சொல்லும்போது அதன் கம்பீரம் கொஞ்சம் குறையலாம்.

"அறிவியலுக்கு அருவருப்பு கிடையாது. வண்டுக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது. காளிதாஸும் நானும் இந்த ஆராய்ச்சியில் சமம். நான் வெளிநாட்டில் மூன்று வருஷம் இதே வேலையைத்தான் செய்தேன்."

"அங்கெல்லாம் நீங்களேதான் குடுத்தீங்களா சார்?" என்று காளிதாஸ் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அங்கே மாணவர்கள் இருந்தார்கள்" என்றார் டைரக்டர்.

வண்டுக்குச் சாதி தெரியாதுதான். டீக்கடைக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் எல்லோரோடும் கண்ணாடிக் கிளாஸில் டீ குடித்தவருக்கு இப்போது காகிதக் கப் வந்தது. கடைக்காரன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கொடுத்தான். அந்த மாதம் அவர் மகள் சோனியா பெரியமனுஷி ஆனாள். சீர் கொண்டுவந்த மச்சினன் வகையறா, பந்தியில் அவர் பரிமாறக் கூடாது என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள். அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். பட்டுப்பாவாடையோடு எழுந்து வந்த மகள் ஒரு கரண்டிப் பாயசத்தை அப்பன் வாயில் வைத்தாள். வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

வண்டு எண்ணும் முறையையும் சொல்லியாக வேண்டும். எண்ணுகிறவன் எழுதக் கூடாது என்பது மையத்தின் அடிப்படை விதி. எண்ணுகிறவன் காட்டோரத்தான், அவனுக்குக் காட்டின்மேல் பற்று இருக்கும், பற்று இருந்தால் எண் கோணிவிடும். ஆகவே காட்டையே பார்க்காத ஒருவர் மைசூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதுவார். அந்த வேலையில் சௌம்யா என்ற பெண் இருந்தாள். மைசூரிலேயே பிறந்து, கான்வென்டில் படித்தவள். காளிதாஸ் குழியில் எண்ண, இருபதடி தள்ளி நாற்றம் எட்டாத இடத்தில் கரியப்பன் நிற்க, கரியப்பன் சட்டைப்பையில் இருக்கிற போன் வழியாக எண் மைசூருக்குப் போகும். எண் காதில் விழுந்ததும் சௌம்யா போனை வைத்துவிட வேண்டும். வீண்பேச்சு பேசினால் அதிலும் பற்று வந்துவிடும்.

காளிதாஸ் முதல் குழியில் எண்ணினார். முப்பத்தொன்று. கருப்பும் பச்சையுமாக டப்பா முழுக்க நெளிந்தது. அவர் நிமிர்வதற்குள் கரியப்பன் கத்தினார்: "எஷ்டு? ஏளு."

கன்னடத்தில் எஷ்டு என்றால் எத்தனை. சொல்லு என்பதற்குப் புத்தகத்தில் ஹேளு என்று இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்து மண்ணில் ஹகரம் முளைப்பதில்லை. ஹனூர்க்காரனே தன் ஊரை அனூர் என்றுதான் சொல்லுவான். கரியப்பன் வாயில் அது ஏளுவாகத்தான் வரும். கரியப்பன் கேட்டது எத்தனை, சொல்லு என்று. மைசூரில் கான்வென்ட் காதுக்குக் கேட்டது எத்தனை, ஏழு என்று. கன்னடத்திலும் ஏழு ஏளுதான். சௌம்யா ஏழு என்று பதிந்து போனை வைத்தாள். அதன்பிறகுதான் காளிதாஸ் "முப்பத்தொண்ணுங்க" என்றார். கரியப்பன் தலையை ஆட்டி, "ஆயித்து, அடுத்த குழி" என்றார். பத்துக் குழியிலும் இதுவே நடந்தது. நாற்பத்துநான்கு இருந்த குழியும் ஏழு, இருபத்தாறு இருந்த குழியும் ஏழு.

பிறகு மரக் கம்பெனி வந்தது. வேங்கையும் ஈட்டியும் நாவலும் விழுகிற சத்தம் தை மாதம் பூராவும் ஊருக்குள் கேட்டது. கடைசி லாரி போனபின் கரடிச் சரிவு மழித்த தலை மாதிரி இருந்தது. மாசியில் மறுபடி குழி தோண்டினார்கள். மண் ஆணி இறங்காத அளவுக்குக் காய்ந்துபோயிருந்தது. பத்துக் குழியில் ஒன்பது வெறுமை, ஒன்றில் ஒரு நட்டுவாக்காலி. காளிதாஸ் ஒவ்வொரு டப்பாவையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். துக்கம் பாதியும் நிம்மதி பாதியுமாக, ஒவ்வொரு குழியிலும் "ஒண்ணுகூட இல்லீங்க" என்று உரக்கச் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்னால் கரியப்பன் பத்துத் தடவையும் ஏளு சொல்லி முடித்திருந்தார்.

"கரடிச் சரிவு போனா போச்சு புள்ள" என்று அன்றைக்குக் கனகாவிடம் சொன்னார். "ஊத்து பொழச்சுது."

கனகா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பங்குனியில் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. அறிக்கை வெளியீட்டு விழா, காளிதாஸுக்குப் பாராட்டு. கனகா வேட்டி சட்டையைச் சலவைக்குக் கொடுத்து வாங்கினாள். டீக்கடையில் அன்று கண்ணாடிக் கிளாஸ் வந்தது. மையம் ஊத்தைக் காப்பாற்றிவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஊரே நம்பியது. காளிதாஸ் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி, மைசூர் போய்ச் சேர்ந்தார். மேடையில் அவர் தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையைக் கட்டி, சந்தன மாலை போட்டு, ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்கும் அடுத்து இருந்தவருக்கும் நடுவில் இரண்டு நாற்காலி காலியாக விடப்பட்டிருந்தது.

டைரக்டர் பேசினார். "நண்பர்களே, வெட்டுவதற்கு முன் குழிக்கு எத்தனை வண்டு? ஏழு. வெட்டிய பின்? ஏழு. ஒரு குழியில் அல்ல, பத்துக் குழியிலும். உலகத்தில் எந்தக் காட்டிலும் இவ்வளவு ஒழுக்கமான வண்டுகளை யாரும் கண்டதில்லை. முப்பது வருஷமாக நான் தரவுகளோடு போராடுகிறேன். ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும், மனுஷனைத் தூங்க விடாது. இந்தத் தரவு அப்படி இல்லை. பார்த்த உடனே எனக்குக் கண் கலங்கியது. சாமுண்டி மலைக்கு எத்தனை படி? ஆயிரத்தெட்டு. ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. இயற்கை நமக்கு எப்போதோ சொல்லிவிட்டது, நாம்தான் கேட்கவில்லை. மரம் வெட்டுவதால் காட்டுக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று இந்த மையம் நிரூபித்துவிட்டது. ஊத்துச் சரிவுக்கான சான்றிதழில் இன்று காலை கையெழுத்துப் போட்டேன்."

கைதட்டல் அடங்கியபோது காளிதாஸ் எழுந்து நின்றிருந்தார். பேட்டா காதுவரை இறங்கியிருந்தது.

"தப்புங்க சார்" என்றார். "ஏழு எங்கீங்க இருந்துச்சு? மொதல்ல முப்பது நாப்பது இருந்துச்சு. வெட்டுன பொறவு ஒண்ணுகூட இல்லீங்க. நான் சத்தமாத்தாஞ் சொன்னேன்."

தமிழ் தெரியாத சபை அவரை நெகிழ்ச்சியோடு பார்த்தது. அவர் நன்றி சொல்கிறார் என்று எண்ணி இன்னொரு முறை கைதட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் சௌம்யா அவரைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கவே இல்ல. எனக்கு எப்பவும் சூப்பர்வைசர் சார் குரல் மட்டும்தான் கேட்டுது." மையத்தின் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அவள் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். எஷ்டு, ஏளு. டக் என்று போன் வைக்கும் சத்தம். இருபதும் அதேதான். காளிதாஸ் மூன்றாவதிலேயே புரிந்துகொண்டார். அவள் ஏழாவதில் அழ ஆரம்பித்தாள். நல்ல பெண். அன்று மாலையே நடந்த தவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டு டைரக்டர் மேஜையில் வைத்தாள்.

மையம் தவற்றை மூடி மறைக்கிற இடமில்லை. மறுநாளே விசாரணைக் குழு கூடியது. தலைமை டைரக்டர். பதிவை அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்.

"இதில் ஹகரம் இருக்கிறதா?" என்று சௌம்யாவைக் கேட்டார்.

"இல்லை சார். ஆனால் அவர்கள் ஊரில்..."

"இருக்கிறதா, இல்லையா?"

"இல்லை சார்."

"இல்லாத ஹகரத்தைச் சேர்த்தால் அதற்கு என்ன பெயர்? தரவைத் திருத்துவது. என் மையத்தில் தரவை யாரும் திருத்த முடியாது."

அடுத்து கரியப்பனைக் கூப்பிட்டார்கள். குழியருகே என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். கரியப்பன் பயந்த சுபாவக்காரர், உள்ளதைத்தான் சொன்னார்: "நானு ஏளு அந்தலே ஏள்தே சார்." சொல்லு என்றுதான் சொன்னேன் என்பது அவர் அர்த்தம். ஏழு என்றுதான் சொன்னதாகச் சாட்சி உறுதி செய்தார் என்று குறிப்பில் ஏறியது. சௌம்யாவைத் தரவுப் பிரிவிலிருந்து எடுத்து, வளாகத்துச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போட்டார்கள்.

கடைசியில் காளிதாஸ். டைரக்டர் அவரிடம் கோபப்படவேயில்லை. அப்பன் மாதிரித்தான் பேசினார்.

"காளிதாஸ், நீ பொய் சொல்கிறவன் இல்லை. குழி காலியாக இருந்தது என்றால் இருந்திருக்கும். ஆனால் வண்டு வரவில்லையென்றால் அது காட்டின் குற்றமா, கவர்பொருளின் குற்றமா? அறிவியல் இரண்டையும் கேட்கும். விதிப்படி சாப்பிட்டாயா?"

"களியும் கீரையுந்தானுங்க சார். நாலு மாசமா."

"வேறு எதுவும் இல்லை? ஒரு நாள்கூட?"

காளிதாஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதை நம்பித்தானே கனகா அவரை அனுப்பினாள். "மகளுக்குச் சீர் அன்னிக்கு ஒரு கரண்டி பாயசமுங்க. புள்ள வாயில வெச்சிருச்சு."

குழுவிலிருந்த ஐந்து பேரும் பேனாவை எடுத்தார்கள். பாயசத்தில் என்ன இருந்தது, சேமியாவா, ஜவ்வரிசியா, முந்திரி எத்தனை என்று அரை மணி நேரம் கேட்டார்கள். அன்று பிற்பகல் தீர்ப்பு வந்தது. குழியில் வண்டு இருந்திருந்தால் அது ஏழு. இல்லாதிருந்திருந்தால் அதற்குக் காரணம் பாயசம். இரண்டில் எது உண்மையானாலும் மரம் வெட்டியதற்கும் வண்டுக்கும் சம்பந்தமில்லை.

"ஊத்துச் சரிவுல ஒருக்கா எண்ணிப் பாத்துட்டாச்சும் வெட்டச் சொல்லுங்க சார்" என்று கும்பிட்டார் காளிதாஸ். "காசு கூலி ஒண்ணும் வேண்டாமுங்க. களிய மட்டுமே தின்னுட்டுக் கெடக்கறேன். அந்தத் தண்ணி போச்சுன்னா நாங்க நாப்பத்திரண்டு வீடும் எங்கீங்க போறது?"

"எண்ணியாகிவிட்டதே" என்றார் டைரக்டர் ஆச்சரியத்தோடு. "ஏழு என்பது இப்போது விதி. விதி தெரிந்த பிறகு யாராவது எண்ணிக்கொண்டிருப்பானா? நாளைக்குச் சூரியன் உதிக்குமா என்று மொட்டைமாடியில் போய் நிற்கிறாயா?" அவருக்குக் காளிதாஸ்மேல் உண்மையிலேயே பிரியம் இருந்தது. போகும்போது பேட்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது வாடகை என்று மட்டும் ஞாபகப்படுத்தினார்.

ஊத்துச் சரிவை வெட்டப் பத்தொன்பது நாள் ஆனது. ஊர்ப் பெண்கள் லாரிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கம்பெனி ஆள் மையத்தின் சான்றிதழைப் படித்துக் காட்டினான். குழிக்கு ஏழு வண்டு, கண்டறிந்தவர் காளிதாஸ் என்று அதில் அச்சாகியிருந்தது. பெண்கள் எழுந்து அவர் வீட்டுப் பக்கம் திரும்பி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். காளிதாஸ் வீட்டுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹகரத்தைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்லுவது?

சித்திரை முடிவதற்குள் ஊத்து நின்றது. முதலில் நூல் மாதிரி வந்தது, பிறகு ஈரம் மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. மூன்று மைல் தள்ளி ஆற்றில் குடம் சுமக்க ஆரம்பித்தார்கள். ராகி கருகியது. இரண்டு மாட்டைக் கனகா விற்றாள். சோனியா பள்ளிக்கூடத்தை விட்டுக் குடம் எடுத்தாள். ஒருத்தரும் அந்த வீட்டோடு பேசவில்லை.

ஆனியில் கரியப்பன் ஜீப்பில் வந்தார். விதிப்படி ஊத்துச் சரிவிலும் வெட்டியபின் ஓர் எண்ணிக்கை எடுக்க வேண்டுமாம். கூடவே ஒரு நல்ல சேதியும் கொண்டுவந்தார். மையம் சீர்திருந்திவிட்டது. போன் முறையை ஒழித்துவிட்டார்கள். இனி எண்ணுகிறவனே தன் கையால் எழுதலாம், அதை ஒருவரும் மாற்ற முடியாது. காளிதாஸின் குறையைக் கேட்டு டைரக்டரே கொண்டுவந்த மாற்றம் இது.

"போங்க" என்றாள் கனகா. "ஊத்து இனி வராது, தெரியும். ஆனா நீங்க பொய் சொல்லலேன்னு எழுத்துல இருந்தா, நம்ம புள்ளயாவது இந்த ஊருல தலை நிமுந்து நடக்கும். இன்னும் எத்தன மலை இருக்குது, அதாச்சும் தப்பிக்கட்டும்."

அவரை மைசூருக்கு அழைத்துப் போய், எண் எழுதும் பயிலரங்கு என்று மூன்று நாள் நடத்தினார்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் ஒரு நாள். சுழியத்துக்குத் தனியாக ஒரு நாள். சுழியத்தை முழுதாக மூட வேண்டும், வாய் திறந்திருந்தால் ஆறு என்று படிக்கப்படும் என்று ஒரு பெரிய அதிகாரி படம் போட்டு விளக்கினார். மூன்றாம் நாள் சான்றிதழும் சாப்பாடும். சாப்பாட்டில் அவருக்கு மட்டும் களி.

ஊத்துச் சரிவில் பத்துக் குழி தோண்டினார்கள். தண்ணீர் கசிந்த இடத்திலேயே ஒரு குழி. காளிதாஸ் நாலு நாள் களியும், கீரை கிடைக்காததால் வெறும் உப்பும் தின்று, விதிப்படி எல்லாம் செய்தார். ஐந்தாம் நாள் குழி குழியாகப் பார்த்து, முழங்காலில் அட்டையை வைத்து, பத்துச் சுழியம் எழுதினார். ஒவ்வொன்றையும் நன்றாக மூடினார். அடியில் பெயரெழுதிக் கையெழுத்திட்டார். முழு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்குச் சாப்பாடு ருசித்தது. உண்மை எழுத்தில் ஏறிவிட்டது. இனி யாரும் அழிக்க முடியாது.

யாரும் அழிக்கவில்லை. மையம் அந்தப் பத்துச் சுழியத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. டைரக்டர் அவரைப் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். "இதுதான் காளிதாஸ் தரவு. சுத்தமான தரவு. உன் நேர்மைக்காகவே இதை ஏற்றுக்கொள்கிறேன்" என்றார்.

இருபது நாள் கழித்து ஊருக்குக் கடிதம் வந்தது. கன்னடத்தில் ஐந்து பக்கம், பின்னால் காளிதாஸ் எழுதிய தாளின் நகல். ஊரில் கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் சோனியாதான். கோயில் முன்னால் நாற்பத்திரண்டு வீட்டாரும் நிற்க, அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ஊத்துச் சரிவில் குழிக்கு ஏழாக இருந்த வண்டுகள் இப்போது முற்றிலும் அழிந்துவிட்டன. இதை உள்ளூர்வாசி ஒருவரே நேரில் கண்டு எழுத்துமூலம் உறுதி செய்திருக்கிறார். மரம் வெட்டுவதால் வண்டுகளுக்குப் பாதிப்பில்லை என்பது கரடிச் சரிவில் ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆகவே அழிவுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் மரத்தைத் தவிர இருப்பது மனிதர்கள் மட்டுமே. அண்மைக் காலமாக அவர்கள் கூட்டம் கூட்டமாகக் குடங்களோடு காட்டுப்பாதையில் நடமாடுவதும் கவனத்துக்கு வந்துள்ளது. காட்டைக் காப்பாற்றும் பொருட்டு ஊத்துப்பட்டிக் குடியிருப்பை அறுபது நாளுக்குள் காலி செய்ய மையம் பரிந்துரைத்தது, பரிந்துரை ஏற்கப்பட்டது.

சோனியா படித்து முடித்தாள். கனகா மகள் கையிலிருந்து அந்தக் கடைசித் தாளை வாங்கினாள். அவளுக்குக் கன்னடம் தெரியாது, தமிழும் எழுத்துக் கூட்டித்தான். ஆனால் சைபர் எந்த பாஷையிலும் சைபர்தான். பத்தும் வரிசையாக, வாய் மூடி, அழகாக இருந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது யாரு எழுதுனது?" என்று கேட்டாள்.

"நாந்தான்" என்றார் காளிதாஸ்.